118 என்ன ஆச்சு

'ஆச்சா' என்ற சொல்லை ரூமானா மறக்காமல் விலக்கியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. 'ஆச்சு' என்றால் வேலை முடிந்தது. 'ஆச்சா' என்றால் கேள்வி. ஒரு நெடில் வித்தியாசம்தான். அதை ஒரு நிரலுக்குப் புரியவைத்துவிட்டு, இதற்கு மேல் இதில் தப்பு வராது என்று நம்பினாள்.

தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்கள் கம்பெனி. கீழே இரும்பு அறுபடும், மேலே சாஃப்ட்வேர் எழுதுவார்கள். சத்தம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேலைகளை அட்டை அட்டையாகக் காட்டும் போர்டு ஒன்று வைத்திருந்தார்கள். நிரல்களைச் சேர்த்துவைக்கும் இடம் வேறு. பேசிக்கொள்ள ஒரு குரூப். மூன்றும் மூன்று திசையில் போய்க்கொண்டிருந்தன. போர்டில் பாதியில் நிற்கும் வேலை ஆளின் வாயில் முடிந்திருக்கும். வாயில் முடிந்த வேலை நிரலில் ஆரம்பித்தேயிருக்காது.

"ஒரு வூட்ல மூணு அடுப்பு எரியுது, ஒண்ணுத்துலயும் சோறு இல்ல. மூணையும் ஒண்ணா சேத்துக் குடும்மா" என்று முதலாளி இராமதாஸ் ரூமானாவிடம் சொன்னார்.

சேர்ப்பது சுலபமாக இருந்தது. ஆட்களைப் போர்டைத் திறக்கவைப்பதுதான் நடக்கவில்லை. "அட்டைய தள்ளிகினு கெடக்க நான் என்னா கேரம்போர்டா ஆடறேன்?" என்று கேட்டான் பாரதி. கம்பெனியிலேயே நன்றாக நிரல் எழுதுகிறவன் அவன்தான். அதனால் அவன் பேச்சுக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

சரி, நீங்கள் போர்டுக்கு வரவேண்டாம், போர்டு உங்களிடம் வரட்டும் என்று ரூமானா முடிவு செய்தாள். ஒவ்வொரு அட்டைக்கும் குரூப்பில் ஒரு தனிப் பேச்சு வரிசை வைத்தாள். அந்த வரிசையில் யாராவது 'ஆச்சு' என்று எழுதினால் அட்டை தானாக 'முடிந்தது' என்ற கட்டத்துக்குப் போகும். 'ஆச்சுங்க', 'ஆச்சுப்பா', 'ஆச்சுடா' எல்லாம் செல்லும். 'ஆச்சா' மட்டும் செல்லாது. இதையெல்லாம் கவனித்துச் செய்யும் நிரலுக்குப் பாரதி 'கணக்கப்பிள்ளை' என்று பெயர் வைத்தான்.

அட்டைகள் எல்லாம் முடிந்துவிட்டால் புதுப் பதிப்பு வாடிக்கையாளரின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். அந்தக் கடைசிப் படியில் ரூமானா ஒரு பட்டன் வைத்திருந்தாள். ஒரு மனிதர் பார்த்து அழுத்தினால்தான் போகும்.

"பட்டன எடுத்துடு" என்றார் இராமதாஸ். "பட்டன் இருந்தா அதுக்கு ஒரு ஆளு வேணும். ஆளு இருந்தா லேட்டு."

முதல் தடவை சொன்னபோது மறுத்தாள். இரண்டாவது தடவை சொன்னபோது எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. எப்படி ஓடியது என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரே ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் கேள்வியை எழுதமாட்டார்கள். நாற்காலியைத் திருப்பிக் கத்துவார்கள். எழுத்தில் வந்ததெல்லாம் பதில்கள்தான்.

அன்றைக்கு இரண்டு பேர் ஹாலில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாரதி வில்லியனூரில் தன் வீட்டிலிருந்து வேலை பார்த்தான். இராமதாஸ் ரெட்டியார்பாளையத்தில், வாடிக்கையாளரின் டயாலிசிஸ் மையத்தில் இருந்தார். கைபடாமல் புதுப் பதிப்பு வந்து இறங்குவதை அங்கே இருக்கும் டாக்டர் கண்முன்னால் காட்டவேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த மையத்தில் எந்த நோயாளிக்கு எந்த மெஷின் என்பதை அதுவரை தலைமை நர்ஸ் தனக்கொடி கையால் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். அன்று மத்தியான ஷிப்டிலிருந்து சுவரில் மாட்டிய திரை சொல்லவேண்டும். மெஷின்களில் ஆறாம் நம்பர் மட்டும் தனி. மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அது. வேறு யாரையும் அதில் போடக்கூடாது. போட்டால் கிருமி தொற்றிக்கொள்ளலாம், ஏற்கெனவே சிறுநீரகம் போன ஆளுக்கு ஈரலும் போகலாம். ஆறாம் நம்பருக்கு மேலே சுவரில் ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். பெயிண்ட் அடித்தபோது அதைக் கிழித்தார்கள். இனித் திரை பார்த்துக்கொள்ளும் என்று திரும்ப ஒட்டவில்லை.

திரை அதைப் பார்த்துக்கொள்வதற்கான வேலைதான் 118ஆம் அட்டை. பாரதியின் வேலை.

"அக்கா, 118 ஊத்திக்கிச்சு" என்றாள் சிந்துஜா. எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. "ஆறாம் நம்பர போறவன் வர்றவனுக்கெல்லாம் குடுக்குது. கிருமி இருக்குதா இல்லியான்னே பாக்கல."

"பாரதிகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன். அரை மணி நேரங்கிறாரு. அவரு அரை மணி பொங்கலுக்கு ஆரம்பிச்சா தீவாளிக்கு முடியும்."

"வேற என்னா பாக்கி?"

"121 ஒண்ணுதான். டோக்கன் அடிக்கறது. அது என்னுது, இதோ முடிச்சிடறேன்."

118 திறந்திருக்கும்வரை எதுவும் போகாது என்று ரூமானாவுக்குத் தெரியும். தன் வேலைக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் சிந்துஜா விசைப்பலகையைத் தட்டினாள். உடனே ஹாலின் மூலையில் இருந்த ஸ்பீக்கரில் மணி அடித்தது. புதுப் பதிப்பு போய்ச் சேர்ந்துவிட்டால் அடிக்கும் மணி. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

ரூமானா கை தட்டவில்லை. "சிந்து, 118 உங்கிட்ட திரும்ப டெஸ்ட்டுக்கு வந்துதா?"

"இல்லியே."

போர்டைத் திறந்தாள். 118 'முடிந்தது' கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. முடித்தவர்: இராமதாஸ்.

"இவுருக்கு என்னா கேடு?" என்றாள் ரூமானா. "டாக்டருக்குக் காட்டணும்னு அட்டையத் தள்ளிட்டாரு போல."

திட்டிக்கொண்டே அட்டையைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டாள். பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றினாள். பழைய பதிப்பில் மெஷின் நம்பரே வராது. வராவிட்டால் தனக்கொடி சிஸ்டர் பழையபடி கையால் எழுதிவிடுவார். அதுதான் இப்போது வேண்டியது. ஏறி முடிந்ததும் மூச்சு விட்டாள். இராமதாஸுக்கு போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மறுபடியும் ஸ்பீக்கரில் மணி அடித்தது.

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

118 திரும்பவும் 'முடிந்தது' கட்டத்தில். முடித்தவர்: பாரதி.

ரூமானா போர்டை விட்டுவிட்டு 118இன் பேச்சு வரிசையைத் திறந்தாள். மேலே இராமதாஸ் மையத்தில் இருந்தபடி எழுதியிருந்தார்: 'என்ன ஆச்சு'. அதற்குக் கீழே கணக்கப்பிள்ளை: '118 முடிந்தது. நன்றி இராமதாஸ்.' அதற்கு இராமதாஸ் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார். கேள்வி கேட்டவுடன் முடிந்தது என்று பதில் வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? அதற்கும் கீழே, இப்போது வந்த பாரதியின் வரி: 'இதுக்கு என்னா ஆச்சு முடிஞ்சதுன்னு வந்துது இப்ப திரும்பி வந்துட்டுது'.

கேள்விக்குறி யாரும் போடவில்லை. அவர்கள் குரூப்பில் எப்போதுமே யாரும் போட்டதில்லை.

ரூமானாவின் காது சூடாகியது. ஊரில் எது நடந்தாலும் சனம் முதலில் கேட்கிற கேள்வி. விழுந்தவனைக் கேட்பது, அழுகிறவளைக் கேட்பது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட்பது. பிறந்ததிலிருந்து தினமும் கேட்ட சொல். ஒரு மத்தியானம் பூராவும் ஆச்சுங்க, ஆச்சுப்பா என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

"என்னாக்கா?" என்றாள் சிந்துஜா.

ரூமானா அட்டையை மறுபடியும் பின்னால் இழுத்துப் போட்டுப் பழைய பதிப்பை ஏற்றினாள். குனிந்து படபடவென்று தட்டினாள்: 'யாரும் இங்க என்ன ஆச்சுன்னு எழுதாதீங்க'. தட்டி அனுப்பினாள்.

மணி அடித்தது.

'118 முடிந்தது. நன்றி ரூமானா.'

ஹாலில் யாரோ சிரித்துவிட்டு, சிரிப்பு இல்லை என்று தெரிந்து நிறுத்தினார்கள். கீழே லேத் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ரூமானா இனி எழுதப்போவதில்லை. கணக்கப்பிள்ளைக்குக் கொடுத்திருந்த சாவியை ரத்து செய்தாள். மூன்றையும் சேர்த்திருந்த கயிறு அறுந்தது. பழைய பதிப்பை மறுபடியும் ஏற்றினாள். ஏறுகிறது, ஏறுகிறது என்று திரை சொல்லிக்கொண்டே இருக்க, அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மத்தியான ஷிப்டுக்கு ஆட்களை உட்காரவைக்கிற நேரம் ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தது.

"சிந்து, சென்டருக்கு அடி."

"அடிக்கறேன்க்கா. ரிசப்ஷன்ல எடுக்கல. வார்டுல போன் உள்ள எடுத்துட்டுப் போவ மாட்டாங்க."

"தனக்கொடி சிஸ்டர்?"

"சுவிட்ச் ஆஃப்."

"நம்ம முதலாளி சாரு?"

"கட் பண்றாரு."

ரூமானா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "நீ அடிச்சிகினே இரு. யார் எடுத்தாலும் ஆறாம் மெஷின்ல யாரையும் போடாதன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத."

இந்திரா காந்தி சிலை அருகே வழக்கமான நெரிசல். விழுப்புரம் சாலையில் திரும்புவதற்குள் ஒரு பஸ்காரன் திட்டினான், ஒரு ஆட்டோக்காரர் "சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?" என்றார். அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மணி மூன்று தடவை அடித்தது. ஒவ்வொரு தடவைக்கும் இடையில் புதுப் பதிப்பு சில நிமிஷம் உயிரோடு இருந்தது. அந்தச் சில நிமிஷத்தில் ஒருத்தர் பெயருக்கு நேராக ஆறு என்று திரை காட்டியிருந்தால் போதும். பிறகு திரை வெறுமையானாலும் உட்கார்ந்த ஆள் உட்கார்ந்த இடத்தில்தான் இருப்பார்.

மையத்தின் வாசலில் வண்டியைச் சாய்த்தாளா நிறுத்தினாளா என்று பார்க்கவில்லை. ரிசப்ஷனில் ஆளே இல்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் போனாள். வரிசையாக நாற்காலிகள், வரிசையாக மெஷின்கள். ஆறாம் நம்பரில் ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண்மணி காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். கையிலிருந்து போன குழாய் சிவப்பாக இருந்தது. மெஷினின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்று ரத்த அழுத்தம் குறித்துக்கொண்டிருந்தாள். சட்டையில் அஞ்சலாட்சி என்று பெயர். வேலைக்குப் புதிது என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"சிஸ்டர், இவங்களுக்குக் காமாலக் கிருமி இருக்குதா? பி கிருமி?"

"நீங்க யாரு? செருப்போட வந்துட்டீங்க."

"இருக்குதா இல்லியா?"

"வசந்தாம்மாவுக்கா? இல்ல. எதுக்குக் கேக்குறீங்க?"

"மெஷின நிறுத்துங்க."

"யாருங்க நீங்க? நீங்க சொன்னா நிறுத்திடுவாங்களா? ஸ்க்ரீன்ல ஆறுன்னு வந்துது, போட்டுருக்கேன். இப்ப பாருங்க, அதுவும் ஒண்ணும் காட்ட மாட்டங்குது."

அவள் சொன்னதில் தப்பில்லை. தெருவிலிருந்து ஓடிவந்த ஒருத்தி சொன்னால் எந்த நர்ஸும் நிறுத்தக்கூடாது. ரூமானா திரும்பி வராந்தாவுக்கு ஓடினாள். "தனக்கொடி சிஸ்டர்! தனக்கொடி சிஸ்டர்!"

கோடியில் ஓர் அறைக் கதவு திறந்தது. உள்ளே டாக்டர், மேஜைமேல் லேப்டாப், தட்டில் சமோசா. காட்சி பார்க்க வார்டிலிருந்து அழைத்து உட்காரவைத்திருந்த தனக்கொடி. இராமதாஸ் எழுந்து நின்று சிரித்தார். "வாம்மா. டாக்டர், இதான் நம்ம..."

"சிஸ்டர், ஆறாம் நம்பர்ல வசந்தாம்மா."

தனக்கொடிக்கு அது போதும். நாற்காலி பின்னால் விழ ஓடினார். ரூமானா பின்னாலேயே ஓடினாள்.

"பம்ப்ப நிறுத்து. லைன க்ளாம்ப் பண்ணு" என்றார் அஞ்சலாட்சியிடம். "ரத்தத்த உள்ள திருப்பாத. இருக்கறது குழாயோட போவட்டும்."

"சிஸ்டர், ஸ்க்ரீன்ல..."

"அப்பறம் பேசு. க்ளாம்ப் பண்ணு."

சக்கரம் நின்றது. சாய்ந்திருந்த வசந்தா கண்ணைத் திறந்தார். "என்னா சிஸ்டர், அதுக்குள்ள நிறுத்திட்டீங்க? இப்பதான கண்ணு சொருவுது."

"ஒண்ணுமில்லம்மா, வேற மெஷின் மாத்தறோம்" என்றார் தனக்கொடி. அவர் குரல் நிதானமாக இருந்தது.

ரூமானாவை இராமதாஸ் வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அவள் இரண்டு வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

"மெஷின் நேத்து ராத்திரி கழுவுனதுதான். குழாய், ஃபில்டர் எல்லாம் புதுசு. ஒட்டறதுக்கு சான்ஸ் கம்மின்னு டாக்டரு சொல்றாரு. மெஷின் கோளாறு, அதான் மாத்துனோம்னு சொல்லிடலாம். ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணிப்போம். அந்தம்மாவப் பயமுறுத்த வேணாம்."

"டெஸ்ட் எதுக்குன்னு கேப்பாங்க சார்."

"ரொட்டீன்னு சொல்லிக்கலாம்."

"மாசக்கணக்குல திரும்பத் திரும்ப எடுக்கணுமாமே. அதுவும் ரொட்டீனா?"

இராமதாஸ் குரலைத் தாழ்த்தினார். "ரூமானா, அந்த ரூல எழுதுனது யாரு?"

"நான்."

"பட்டன எடுத்தது?"

"நான். நீங்க சொல்லி."

"போர்டுல யாரு பேரு இருக்குது? முடித்தவர் இராமதாஸ்னு இல்ல இருக்குது? நான் ஒரு கேள்வி கேட்டேன், அவ்ளோதான. நாளைக்குக் கேஸுன்னு போனா கேள்வி கேட்டான்னு எழுதுவானா, முடிச்சான்னு எழுதுவானா?"

"என் பேருந்தான் சார் இருக்குது. பாரதி பேரும் இருக்குது."

"அதான் சொல்றேன். மூணு பேருக்கும் நல்லதுதான் சொல்றேன். வாய மூடிகினு இரு."

அவர் சொன்னதில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒட்டுவதற்கு வாய்ப்பு குறைவு. ஒட்டவில்லையென்றால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஒட்டிவிட்டால், எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெண்மணிக்குத் தெரியப்போவதில்லை. அதற்குள் கிருமியைப் புருஷனுக்கோ பிள்ளைக்கோ கொடுத்திருப்பார். ரூமானாவுக்கு அந்த இடம்தான் இடித்தது. தான் நல்லவள் என்பதற்காக அல்ல. இன்னொரு தடவை ஒரு வேலை முடியாமலேயே முடிந்தது என்று போர்டில் ஏறுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். இராமதாஸ் "ரூமானா" என்றார். பிறகு இன்னும் மெதுவாக ஒரு தடவை "ரூமானா" என்றார்.

வசந்தாவை மூன்றாம் நம்பர் நாற்காலிக்கு மாற்றியிருந்தார்கள். தனக்கொடி புதுக் குழாய் பிரித்துக்கொண்டிருந்தார். ரூமானா வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். தடுக்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார்.

"அம்மா, மெஷின் கோளாறு இல்ல" என்றாள் ரூமானா. "அந்த ஆறாம் மெஷினு காமாலக் கிருமி இருக்கறவங்களுக்குன்னு தனியா வெச்சது. ஸ்க்ரீனு தப்பா நம்பர் காட்டிடுச்சு. ஸ்க்ரீன எழுதுனது நாங்க. சரி பண்றதுக்கு முன்னாடியே அது இங்க வந்துடுச்சு, அது என் தப்பு. ஒட்டியிருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா தெரியாது. டெஸ்ட் எடுக்கணும். இன்னிக்கும் எடுக்கணும், மாசக்கணக்குல திரும்பவும் எடுக்கணும். அதுவரைக்கும் வூட்ல இருக்கறவங்களும் சாக்கிரதையா இருக்கணும்."

வசந்தா அவளை மேலும் கீழும் பார்த்தார். நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். சிறுநீரகம் போனபிறகும் வாரத்தில் பாதி நாள் தேங்காய்த்திட்டுக்குப் போய் ஏலம் எடுக்கிறவர். பொய்ச் சரக்கும் நல்ல சரக்கும் பார்த்த கண்.

"ஏண்டி, நீங்க ஆடறதுக்கு என் உசுருதான் கெடச்சுதா?"

வசந்தா குப்பை வாளியில் கிடந்த சிவப்புக் குழாயைக் காட்டினார்.

"ஒரு டம்ளரு ரத்தம் போச்சு. அது ஊற எனக்கு எத்தினி நாளு ஆவும் தெரியுமா? ஒடம்புல இருக்கறதே கொஞ்சம். அதயும் குழாயோட குப்பையில போட்டுட்டீங்க." தனக்கொடியின் பக்கம் திரும்பினார். "நீ என்னா, வேற மெஷின் மாத்தறோம்னு தேன் தடவுற? எத்தினி வருசமா உங்கிட்ட வர்றேன்?"

"தப்புதாம்மா" என்றார் தனக்கொடி.

"எங்க அந்த டாக்டரு?"

"வருவாரு."

"வரட்டும். அவரையும் நாலு கேக்கணும்." வசந்தா மூச்சு வாங்கினார். ஊதிய காலைப் பார்த்தார். இரண்டு நாள் தண்ணீர் உடம்பில் நின்றது. எழுந்து போகிறேன் என்று சொல்ல முடியாது, வேறு இடத்துக்குப் போகிறேன் என்றும் சொல்ல முடியாது. இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கோபப்பட வேண்டும். அது அவருக்கும் தெரிந்தது, ரூமானாவுக்கும் தெரிந்தது.

"சரி, குத்து" என்று கையை நீட்டினார். "இந்தக் கையிலயே குத்து. டயாலிசிசுக்குன்னு ஆபரேசன் பண்ண கை இது ஒண்ணுதான், இன்னொண்ணு கெடையாது."

ஊசி இறங்கும்போது ரூமானா முகத்தைத் திருப்பப் போனாள். "பாரு" என்றார் வசந்தா. "நீ பாரு." பார்த்தாள். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. குழாயில் சிவப்பு ஏறியது.

வராந்தாவில் இராமதாஸும் டாக்டரும் ஒருவர்மேல் ஒருவர் குரல் உயர்த்திப் பேசுவது கண்ணாடி வழியாகக் கேட்டது. ரூமானாவின் பையில் போன் அதிர்ந்தது. சிந்துஜாவா, பாரதியா, தெரியவில்லை. நிற்கும்வரை அதிரவிட்டாள். பிறகு நகரப் பார்த்தாள்.

"எங்க போற?" என்றார் வசந்தா. கண் மூடியே இருந்தது. "நாலு மணி நேரம் ஓடும் இது. உக்காரு. எல்லாரும் சொல்லிட்டு சொல்லிட்டுப் போயிடறீங்க."

அஞ்சலாட்சி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். ரூமானா அதில் உட்கார்ந்தாள். வசந்தா தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் இருக்கும் சின்ன மருமகளுக்கு இது மாசம் ஏழு, அவளிடம் எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.